மண்ணிற் குறைந்தது கல்லீரலிற் குறையும்
(கனிமச் சத்துக் குறைவும் கால்நடைகளின் ஈரற் புரதங்களும்)

உயிர்களின் உடலை இறைவன் அமைத்திருக்கும் திறம் எண்ணுந்தொறும் வியப்பளிப்பது. ஓர் உறுப்பு நூற்றுக்கணக்கான தொழில்களை ஓசையின்றி ஆற்றி வருகிறது. அவ்வுறுப்பே கல்லீரல். தமிழர் உடலுறுப்புகளுக்கு இட்ட பெயர்களுள் கல்லீரல், மண்ணீரல் என்னும் இரண்டும் எண்ணத்தக்கவை. உறுதியானதைக் கல் என்றும், மென்மையானதை மண் என்றும் நம் முன்னோர் குறித்திருக்கலாம். எனினும், இன்றைய அறிவியலின் துணையோடு நோக்கும்போது இப்பெயர்கள் வேறொரு பொருளையும் நினைவூட்டுகின்றன. கல்லிலும் மண்ணிலும் உள்ள இரும்பு, செம்பு, துத்தநாகம் முதலிய கனிமங்கள் புல்லில் ஏறி, புல்லிலிருந்து ஆட்டின் வயிற்றை அடைந்து, இறுதியில் தங்கும் களஞ்சியம் இவ்வீரலே ஆகும்.

தமிழ்த்துறை மலரில் ஈரலைப் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்னும் ஐயம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. அதனைச் சொல்லிக் காட்டுவதே அவ்வையத்திற்கு விடையாகும். அன்றியும், இக்கல்லூரியில் பயிலும் மாணவருள் பலர் ஆடு மாடு வளர்க்கும் குடும்பங்களிலிருந்து வருபவர். அவர்தம் பெற்றோரின் வாழ்வோடு தொடர்புடைய செய்தி இது.

ஈரல் என்னும் தொழிற்கூடம்

கல்லீரலை ஒரு தொழிற்கூடம் எனலாம். இரத்த நீரில் மிதந்து செல்லும் புரதங்களுள் பெரும்பாலானவை அங்கேதான் உருவாகின்றன. நீரை இரத்தக் குழாய்க்குள் நிறுத்தி வைக்கும் ஆல்புமின், புண்பட்ட இடத்தில் குருதியை உறையச் செய்யும் புரதங்கள், இரும்பையும் செம்பையும் உயிர்ச்சத்து 'ஏ'யையும் ஏற்றிச் செல்லும் சுமைப்புரதங்கள் ஆகியவை ஈரலின் படைப்புகளே. இவையன்றி, ஈரலுக்குள்ளேயே இருந்து பணிபுரியும் நொதிகளும் எண்ணிறந்தவை.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. மாலைக்குப் பூவும் நாரும் இருந்தால் போதும். ஆனால் ஈரல் தொடுக்கும் மாலைகளுட் பல, நடுவே ஒரு கனிம மணி பதிக்கப்பட்டாலன்றிப் பயன்படா. அம்மணி செம்பாகவோ, துத்தநாகமாகவோ, செலினியமாகவோ இருக்கும். இவை நாள்தோறும் தேவைப்படும் அளவு மிகமிகச் சிறிது. அதனாலேயே இவற்றை நுண்கனிமங்கள் என்கிறோம். அளவு சிறிதெனினும், இல்லாதபோது விளையும் கேடு பெரிது.

தீவனத்தில் கனிமம் குறையும்போது ஈரற் புரதங்களுக்கு மூன்று வகைகளில் மாற்றம் நேர்கிறது. சில புரதங்களின் உற்பத்தியே குறைகிறது. சில புரதங்கள் உருவானாலும் உலோகமின்மையால் செயலிழந்து விரைவில் சிதைகின்றன. வேறு சில, குறையை ஈடுசெய்யும் பொருட்டு முன்னினும் மிகுதியாக உருவாகின்றன. இம்மூன்றையும் ஒவ்வொரு கனிமமாக நோக்குவோம்.

இரும்பு: களஞ்சியமும் வண்டியும்

இரும்பைச் சேமித்து வைக்கும் புரதத்திற்கு ஃபெரிடின் என்று பெயர். செக் நாட்டு அறிஞர் லாஃப்பெர்கர் 1937ஆம் ஆண்டில் குதிரையின் மண்ணீரலிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். 24 சிறு கூறுகள் சேர்ந்து அமைந்த உள்ளீடற்ற பந்து இது. அதனுள் ஏறத்தாழ 4,500 இரும்பு அணுக்கள் அடங்கும். இரும்பை ஊர் ஊராக ஏற்றிச் செல்லும் வண்டி டிரான்ஸ்ஃபெரின். இதனையும் ஈரலே ஆக்குகிறது. ஒரு வண்டியில் இரண்டு இரும்பு அணுக்களே ஏறும்.

தீவனத்தில் இரும்பு குறைந்தால் ஈரல் என்ன செய்கிறது? வைப்பதற்கு நெல் இல்லாதபோது பத்தாயம் செய்பவர் எவருமிலர். ஈரலும் ஃபெரிடின் உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. அதே நேரத்தில், எங்கேனும் கிடைக்கும் சிறிதளவு இரும்பையும் தேடிக் கொணர்வதற்காக டிரான்ஸ்ஃபெரினை மிகுதியாக்குகிறது. களஞ்சியம் சுருங்குகிறது, வண்டிகள் பெருகுகின்றன.

இக்கட்டுப்பாடு நிகழும் விதம் 1980களின் இறுதியில் தெளிவாயிற்று. ஃபெரிடினை ஆக்குவதற்குரிய கட்டளை ஓலை எப்போதும் செல்லுக்குள் இருக்கிறது. இரும்பு குறையும்போது ஒரு காவற்புரதம் அவ்வோலையின் தலைப்பில் அமர்ந்து, அதனைப் படிக்கவிடாமல் தடுக்கிறது. இரும்பு வந்து சேர்ந்தவுடன் காவலர் விலகிக்கொள்ள, ஓலை படிக்கப்பட்டு ஃபெரிடின் உருவாகிறது. புதிய ஆணை எழுதும் காலத்தாழ்வு இதில் இல்லை.

2000, 2001ஆம் ஆண்டுகளில் ஹெப்சிடின் என்னும் மற்றொரு சிறு புரதம் அறியப்பட்டது. இதுவும் ஈரலின் படைப்பே. குடல் இரும்பை உள்ளே விடலாமா கூடாதா என்பதை ஆணையிடும் தூதன் இது. இரும்பு மிகுந்தால் ஈரல் ஹெப்சிடினை அனுப்பி வாயிலை அடைக்கிறது. குறைந்தால் தூதனை நிறுத்திக்கொள்கிறது, வாயில் திறக்கிறது.

இவ்விடத்தில் நம் மார்க்க நூலில் வரும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. இரத்தம் விலக்கப்பட்டது என்னும் பொதுவிதிக்கு விலக்காக, ஈரலும் மண்ணீரலும் நமக்கு ஆகுமாக்கப்பட்டன என்னும் கருத்துடைய நபிமொழி இப்னு மாஜா தொகுப்பில் உள்ளது. இரண்டு உறுப்புகளையும் இரத்தத்தோடு சேர்த்து எண்ணும் இம்மொழி சட்டம் கூறுவதற்காக வந்தது. அறிவியல் கற்பிப்பதற்காக அன்று. எனினும், இரத்தத்தின் இரும்பு சேமிக்கப்படும் முதன்மை இடங்களாக இன்றைய ஆய்வு காட்டுவனவற்றுள் இவ்விரண்டும் அடங்கும் என்பதை அறியும்போது உள்ளம் நெகிழ்கிறது.

செம்பு: நெல்லிருக்கப் பட்டினி

இரும்பு ஒன்றே இரத்தத்தை வளர்க்கும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், எல்விஜம் முதலிய அறிஞர் இந்நம்பிக்கையைத் திருத்தினர். பாலை மட்டுமே ஊட்டி வளர்த்த எலிகளுக்கு இரத்தச் சோகை கண்டது. இரும்பு உப்பை மட்டும் கொடுத்துப் பார்த்தும் அது நீங்கவில்லை. ஈரலை எரித்த சாம்பலைச் சேர்த்துக் கொடுத்தபோது நீங்கியது. அச்சாம்பலுள் மறைந்திருந்த மருந்து எது என்று தேடியபோது செம்பு வெளிப்பட்டது.

இரும்புக்குச் செம்பு எவ்வாறு துணை செய்கிறது என்னும் வினாவிற்குப் பின்னர் விடை கிடைத்தது. 1948ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஹோல்ம்பெர்கும் லாரெல்லும் இரத்த நீரிலிருந்து நீலநிறப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அதற்குச் செருலோபிளாஸ்மின் என்று பெயரிட்டனர். வானின் நீலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்த பெயர் அது. ஈரல் இதனை ஆக்கும்போதே செம்பு அணுக்களைப் பதித்து அனுப்புகிறது. இரத்த நீரிலுள்ள செம்பில் பெரும்பகுதி இப்புரதத்தோடு இணைந்ததே. களஞ்சியத்திலிருந்து வெளிவரும் இரும்பை, டிரான்ஸ்ஃபெரின் வண்டியில் ஏறத்தக்க வடிவிற்கு மாற்றித் தருவது இதன் பணிகளுள் ஒன்று.

தீவனத்தில் செம்பு குறைந்தால் ஈரல் இப்புரதத்தின் வெறுங்கூட்டை மட்டும் தொடர்ந்து ஆக்குகிறது. நீல மணி இல்லாத அக்கூடு செயலற்றது. இரத்தத்தில் விரைவாகச் சிதைந்து மறைவது. விளைவு யாது? ஈரலுக்குள் இரும்பு தேங்குகிறது. இரத்தமோ இரும்பின்றி வெளுக்கிறது. பத்தாயத்தில் நெல் நிறைந்திருக்க, திறவுகோல் தொலைந்தமையால் வீட்டார் பட்டினி கிடக்கும் நிலைக்கு இது ஒப்பாகும். இந்நிலையில் இரும்பு மருந்தை மேன்மேலும் கொடுப்பது பயன் தாராது.

செம்புக் குறையின் வேறு அடையாளங்களையும் ஆடு வளர்ப்போர் அறிந்துகொள்ளுதல் நன்று. கறுப்பு ஆட்டின் மயிர் துருவேறினாற்போலச் செம்பழுப்பாகும். மயிருக்குக் கருமை தரும் நொதி செம்பைக் கொண்டது என்பதே காரணம். இன்னும் கொடியது, பிறந்த குட்டி பின்னங்கால்களை ஊன்ற இயலாமல் தள்ளாடி விழுவது. மேற்கு ஆஸ்திரேலியாவில் செம்மறிக் குட்டிகளைத் தாக்கிய இந்நோய்க்குச் செம்புக் குறையே காரணம் என்று பென்னட்ஸ் என்னும் கால்நடை அறிஞர் 1937ஆம் ஆண்டில் நிறுவினார். சினைக்காலத்தின் பிற்பகுதியில் தாய் தன் செம்பைக் குட்டியின் ஈரலில் சேமித்து வைக்கிறது. தாயின் ஈரலே வறிதாயின் குட்டிக்கு எதைக் கொடுக்கும்? இவ்வாறு நரம்பு பழுதுபட்டுப் பிறந்த குட்டி, பிறகு செம்பு கொடுத்தாலும் முழுமையாகத் தேறுவதில்லை. ஆகவே, காப்பு என்பது தாய் சினையாக இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

தீவனத்தில் செம்பு போதுமான அளவு இருந்தும் குறை ஏற்படுவதுண்டு. மாலிப்டினமும் கந்தகமும் மிகுந்த தீவனம் அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் செம்பைப் பிணைத்து, உடலில் சேரவிடாமற் செய்துவிடும். கனிமங்கள் தனித்தனியே இயங்குவன அல்ல. ஒன்றையொன்று தாங்கியும் தடுத்தும் நிற்பன.

துத்தநாகமும் செலினியமும்

1957ஆம் ஆண்டில் மார்கோஷஸ், வாலி என்னும் இருவர் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து மெட்டலோதயோனின் என்னும் புரதத்தைக் கண்டெடுத்தனர். ஏறத்தாழ 60 அமினோ அமிலங்களையே கொண்ட இச்சிறு புரதத்தில் 20 இடங்களில் கந்தகமுடைய சிஸ்டைன் அமைந்துள்ளது. ஏழு துத்தநாக அணுக்களை அது இறுகப் பற்றிக்கொள்ளும். ஈரலில் துத்தநாகம் மிகுந்தால் இதன் உற்பத்தி பெருகும். துத்தநாகம் குறைந்த தீவனத்தைத் தின்ற விலங்கின் ஈரலில் இது மிகவும் குறைந்துவிடும். காட்மியம் என்னும் நச்சு உலோகத்தைப் பிணைத்து அடக்கி வைப்பதும் இப்புரதமே. துத்தநாகம் குறைந்த உடலில் காட்மியம் எளிதில் சேரும். தொழிற்பேட்டைகள் பெருகிவரும் நம் மாவட்டத்தில் கால்நடைகளின் துத்தநாக நிலையில் கருத்துச் செலுத்த இதுவும் ஒரு காரணமாகும்.

1973ஆம் ஆண்டில் எலிகளிடம் செய்த ஆய்வு வேறொரு தொடர்பைக் காட்டிற்று. துத்தநாகம் குறைந்த எலிகளின் இரத்தத்தில் உயிர்ச்சத்து 'ஏ' குறைந்திருந்தது. அச்சத்தை ஈரலிலிருந்து ஏற்றிச் செல்லும் சுமைப்புரதம் போதிய அளவு வெளிவராமையே இதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. மாலைக்கண் என்றவுடன் உயிர்ச்சத்தை மட்டும் நினைக்கும் நமக்கு இது ஒரு பாடம்.

செலினியத்தின் வரலாறு ஈரலோடு நேரே தொடங்குகிறது. குறிப்பிட்ட ஒருவகை ஈஸ்ட்டை முதன்மை உணவாகப் பெற்ற எலிகளின் ஈரல் அழுகிச் சிதைந்தது. மிகச் சிறிதளவு செலினியம் அச்சிதைவைத் தடுத்தது என்று கிளாஸ் சுவார்ட்ஸ் என்பவரும் அவர்தம் துணைவரும் 1957ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதுவரை செலினியம் நஞ்சு என்றே அறியப்பட்டிருந்தது. ஏன் அது காக்கிறது என்பது 1973ஆம் ஆண்டில் விளங்கிற்று. உடலில் தோன்றும் பெராக்சைடு நஞ்சுகளை அழிக்கும் குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்னும் நொதி, செலினியத்தைத் தன்னகத்தே கொண்டது. செலினியம் அறவே குறைந்தால் ஈரலில் இந்நொதியின் செயல் ஏறத்தாழ இல்லாமற்போகிறது. அதற்குரிய கட்டளை ஓலையே சிதைக்கப்படுகிறது. ஆனால் எல்லாச் செலினியப் புரதங்களும் ஒரே அளவில் குறைவதில்லை. கிடைக்கும் சிறிதளவை ஈரல் முதன்மையான பணிகளுக்கென ஒதுக்கி வைக்கிறது. வறுமைக் காலத்தில் குடும்பத் தலைவி பிள்ளைகளுக்கு முதலில் பரிமாறுவதைப் போன்றது இது.

மிகினும் தீது

குறை தீது எனின் மிகுதி நன்று என்று கொள்ளலாகாது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் முதற்குறள், மிகுதியும் குறைவும் ஆகிய இரண்டுமே நோய்க்குக் காரணம் என்னும் கருத்தைத் தருகிறது. செம்பு இதற்குச் சிறந்த சான்று.

நம் நாட்டில் ஒரு காலத்தில் 'இந்தியக் குழந்தை ஈரல் நோய்' என்று மருத்துவ நூல்களில் பெயர்பெற்ற கொடிய நோய் இருந்தது. ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை அது பலிகொண்டது. அக்குழந்தைகளின் ஈரலில் செம்பு மிகுதியாகக் காணப்பட்டது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரங்களில் காய்ச்சிய பாலைச் சிறுவயதிலேயே புகட்டியதே காரணமாகலாம் என்று டேனர், பாவே, பண்டிட் முதலிய மருத்துவர் 1983ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். எவர்சில்வர் பாத்திரங்கள் பரவிய பின் அந்நோய் அருகிவிட்டது. நம் இல்லங்களில் செப்புத் தேக்சாக்களுக்குக் காலந்தவறாமல் கலாய் பூசிவந்த முன்னோர், அதன் வேதியியலை அறியாவிடினும் அதன் பயனை அறிந்திருந்தனர்.

கால்நடைகளுள் செம்மறியாடு செம்பு மிகுதியைச் சிறிதும் தாங்காது. அதன் ஈரல் செம்பைச் சேர்த்துக்கொண்டே சென்று, ஒரு நாள் திடீரென இரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சட்காமாலை தோன்றி, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, ஆடு மாண்டுபோகும். ஆகவே, மாட்டிற்கென ஆக்கிய தாதுஉப்புக் கலவையைச் செம்மறிக்கு வைப்பது பெரும்பிழை. செம்மறிக்கும் வெள்ளாட்டிற்கும்கூடத் தேவை வேறு என்பதை மறத்தலாகாது.

நம் வட்டாரத்திற்கு வருவோம்

ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள பள்ளிப்பட்டு வட்டாரம் தறியையும் ஏரையும் ஒருங்கே நம்பி வாழ்வது. நெசவு நலிந்த நாட்களில் பல குடும்பங்களுக்கு அடுப்பெரியச் செய்வது வீட்டுப்பின்புறம் கட்டியிருக்கும் இரண்டு வெள்ளாடும் ஒரு பசுவுமே. அவற்றிற்குக் கோடையில் கிடைப்பது வைக்கோல், கரும்புத் தோகை, காய்ந்த புல். இவை வயிற்றை நிரப்பும், ஈரலை நிரப்பா. வைக்கோலில் மணிச்சத்தும் நுண்கனிமங்களும் குறைவு.

மண்ணில் இல்லாதது பயிரில் வாராது. பயிரில் இல்லாதது விலங்கில் வாராது. உத்தரப் பிரதேசத்தின் தராய்ப் பகுதியில் நெற்பயிரைத் தாக்கிய கைரா என்னும் நோய் துத்தநாகக் குறையால் வந்தது என்று பந்த்நகரில் பணியாற்றிய நேனே 1966ஆம் ஆண்டில் கண்டறிந்தார். இன்று நம் உழவரும் நெல்லுக்கு எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடுகின்றனர். நெல்லுக்குத் துத்தநாகம் இடவேண்டும் என்று அறிந்த உழவர், அந்நெல்லின் வைக்கோலைத் தின்னும் மாட்டிற்கும் அது வேண்டுமென எண்ணிப் பார்ப்பதில்லை.

இக்குறையைப் போக்கும் வழிகள் எட்டாதவை அல்ல. 1989ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாதவரத்தில் தலைமையிடம் கொண்டு இயங்குகிறது. பெங்களூரில் 1995ஆம் ஆண்டு முதல் தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் செயற்படுகிறது. எந்த வட்டாரத்தில் எந்தக் கனிமம் குறைவோ அதனை மட்டும் ஈடுசெய்யும் தாதுஉப்புக் கலவைகளை இத்தகைய நிறுவனங்கள் வகுத்துள்ளன. கறவைப் பசுவிற்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் வரையும், வெள்ளாட்டிற்கு அதற்குரிய கலவையில் 5 முதல் 10 கிராம் வரையும் தருவது பொதுவான பரிந்துரை. அகத்தி, வேலிமசால், சுபாபுல், கடலைக்கொடி முதலியவற்றை வைக்கோலோடு கலந்து தருவதும் பெருந்துணை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. கீழிமையை விலக்கிப் பார்த்து வெளுப்பைக் கண்டவுடன் கனிமக் குறை என்று முடிவுகட்டலாகாது. இரத்தம் உறிஞ்சும் குடற்புழுவாலும், ஈரலைத் துளைக்கும் தட்டைப்புழுவாலும் அதே வெளுப்பு உண்டாகும். இரத்தத்தில் செருலோபிளாஸ்மினை அளந்து செம்பின் நிலையை ஒருவாறு அறியலாம். ஆனால் காய்ச்சலும் அழற்சியும் உள்ளபோது செருலோபிளாஸ்மினும் ஃபெரிடினும் தாமாகவே உயர்ந்து, உள்ள குறையை மறைத்துவிடும். எனவே கால்நடை மருத்துவரைக் கலந்தே மருந்து தருதல் வேண்டும்.

அமானிதம்

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானிக்குரிய பிராணி வெளிப்படையான நோயோ, முடமோ, எலும்பில் ஊனற்ற மெலிவோ இல்லாததாக இருத்தல் வேண்டும் என்பதை நாம் அறிவோம். அப்பிராணியைச் சந்தையில் தேர்ந்தெடுக்கும்போது பல்லைப் பார்க்கிறோம், கொம்பைப் பார்க்கிறோம். அது வளர்ந்த காலத்தில் வயிறார உண்டதா என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. வயிறு முதுகோடு ஒட்டிய ஒட்டகம் ஒன்றைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வாயில்லாப் பிராணிகளின் விஷயத்தில் இறைவனை அஞ்சிக்கொள்ளுமாறு அறிவுறுத்திய செய்தி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. ஒட்டிய வயிறு கண்ணுக்குத் தெரியும். வறண்ட ஈரல் தெரியாது. தெரியாததைத் தெரியச் செய்வதே கல்வியின் பயன். தெரிந்தபின் செயற்படுவது நம் பொறுப்பு.

மாணவச் செல்வங்கள் இவ்விடுமுறையில் தம் வீட்டுக் கொட்டிலை ஒருமுறை உற்றுநோக்குவார்களாக. கறுப்பு ஆட்டின் மயிர் நிறம் மாறியுள்ளதா, குட்டி ஊன்றி நிற்கிறதா, சினையாட்டிற்குப் பசுந்தழை கிடைக்கிறதா என்று காண்பார்களாக. கண்டதைப் பெற்றோருக்கு எளிய தமிழில் எடுத்துச் சொல்வார்களாக. ஊர்ப் பெரியோரும் ஜமாஅத்தாரும் ஆண்டுக்கொரு முறையேனும் கால்நடை மருத்துவரை அழைத்து முகாம் நடத்த முன்வரின், ஏழைக் குடும்பங்களின் கொட்டில் செழிக்கும். நம்மை நம்பி நிற்கும் வாயில்லா உயிர்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் ஆகும். அவ்வமானிதத்தைப் பேணும் அறிவையும் மனத்தையும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!